வெட்டிக் கொடுத்த அட்டையில் இரண்டு மாத்திரை



ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் பாவூர்சத்திரம் வரைக்கும் காற்றின் குணம் மாறிவிடும். அருவிக்குப் போகிற வேன்களும் கார்களும் ஊரைத் தாண்டிக்கொண்டே இருக்கும். அதே நாட்களில் மருந்துக் கடைகளிலும் கூட்டம் கூடும். அருவியில் நனைந்துவிட்டு வருகிறவர்கள் மட்டும் இல்லை. மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறவர், காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர், வீட்டில் பீடி சுற்றுகிற அக்கா எல்லோரும் வருவார்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணாச்சி, ரெண்டு நாளா காய்ச்சலு. தொண்டையும் கட்டிக்கிட்டு. நல்ல பவரா ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க."

அண்ணாச்சி ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை எடுப்பார். பிறகு அலமாரியின் இன்னொரு தட்டிலிருந்து ஒரு அட்டையை உருவி, கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரையை வெட்டுவார். சின்னக் காகித உறையில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று சொல்வார். வெட்டிய துண்டில் பாதி எழுத்துதான் இருக்கும். மருந்தின் முழுப் பெயரும் காலாவதித் தேதியும் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தை வாங்க வேண்டாம் என்பதற்கான அடையாளம் அது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் அதைப் பற்றிப் பெரிதாக விளம்பரம் செய்தது. கத்தரிக்கோல் எந்தப் பக்கம் வெட்டுகிறதோ அதைப் பொறுத்து, கோடு உங்களிடம் வரலாம், வராமலும் போகலாம்.

அந்த மூன்றாவது மாத்திரையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஆன்டிபயாடிக். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் போய் இரண்டு மாத்திரை கேட்கிறவரை நான் குறை சொல்லப்போவதில்லை. மருத்துவரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும். மருத்துவருக்குக் கட்டணம், இரத்தப் பரிசோதனைக்குப் பணம், திரும்ப வரப் பேருந்துக்குக் காசு. கடையில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. நாளைக்குச் சந்தைக்குப் போகவேண்டும். இந்தக் கணக்கு தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது: பவர் கூடின மாத்திரை, பவர் குறைந்த மாத்திரை என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில். ஆன்டிபயாடிக்கில் அப்படி ஒரு வரிசை கிடையாது. இந்தக் கிருமிக்கு இந்த மருந்து பொருந்தும், அந்தக் கிருமிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். சாரல் காலத்தில் வருகிற சளி, மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் பொருந்தாது. சளி பச்சையாக மாறிவிட்டதே என்பார்கள். மாறும். நம் உடம்பின் வெள்ளணுக்கள் வேலை செய்வதன் நிறம் அது. அதை மட்டும் வைத்து பாக்டீரியா வந்துவிட்டதாக முடிவுகட்ட முடியாது.

பொருந்துவது, பொருந்தாதது என்றேனே, அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்காரர்களுக்கு நன்றாகப் புரியும் ஓர் உதாரணம் உண்டு. உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவச் சீட்டில் எழுதுவார்கள். புதர், புல்வெளி, வரப்பு ஓரங்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. ஆடு மேய்க்கப் போகிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், புதர் ஓரத்தில் ஒதுங்குகிறவர்கள், யாருக்கும் வரலாம். கடித்தது தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் தூக்கி அடிக்கும். தலைவலி, உடம்புவலி, சிலருக்கு இருமல், மூச்சிரைப்பு. கடித்த இடத்தில் பலருக்கு ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், பீடி நெருப்புச் சுட்டு ஆறியதைப்போல. வலிக்காது, அரிக்காது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. அது இருக்கும் இடமும் அப்படி: அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, காதின் பின்புறம், சேலை இறுக்கிக் கட்டுகிற இடுப்பு மடிப்பு. மருத்துவரிடம் காட்டவும் கூச்சம், அவருக்கும் கேட்கக் கூச்சம். ஐந்து நாள் விடாத காய்ச்சல் என்றால், வீட்டில் இருக்கிற அம்மாவோ மனைவியோ விளக்கைப் போட்டு உடம்பு முழுக்க ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் பொருக்கைப் பார்த்து, "டாக்டர், இங்க ஒண்ணு இருக்கு" என்று சொன்னால், பாதி நோயைக் கண்டுபிடித்தாயிற்று.

இந்தக் காய்ச்சலுக்கு விலை உயர்ந்த ஊசி போட்டும் இறங்காமல் தவிக்கிறவர்கள் உண்டு. செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியை நாள் தவறாமல் ஏற்றியிருப்பார்கள். நல்ல மருந்துதான். ஆனால் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைக் குறிவைப்பவை. உண்ணிக் காய்ச்சல் கிருமி நம் உயிரணுவுக்கு உள்ளே ஒளிந்து வாழ்கிறது. அந்த மருந்துகள் குறிவைக்கிற மாதிரியான சுவரும் அதற்கு இல்லை. எத்தனை ஊசி போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதே ஆளுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி உயிரையே எடுத்துவிடுகிற நோய் இது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. கடுமையான உண்ணிக் காய்ச்சலில் டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தால், தனித்தனியே கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைப்பதாக அது காட்டியது. உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்று படிக்கிற ஆய்வு. இரண்டுமே பழகிய மருந்துகள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் பொதுவாக டாக்ஸிசைக்ளினைத் தவிர்த்து அஸித்ரோமைசின் கொடுப்பார்கள். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

அஸித்ரோமைசின் என்றதும் அண்ணாச்சி வெட்டிக் கொடுத்த அட்டை ஞாபகம் வருகிறது. அதில் இருந்தது பல நேரம் அதுவாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் செஃபிக்ஸிம். வைரஸ் சளிக்கு அதைப் போட்டால் சளி தானாகச் சில நாளில் அடங்கும். "அந்த மாத்திரைல கேட்டுச்சு" என்று பெயர் மாத்திரைக்குப் போகும். அதற்குள் நம் குடலில், தொண்டையில் காலங்காலமாகக் குடியிருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் பலம் குறைந்தவை செத்திருக்கும், அந்த மருந்தைச் சமாளிக்கத் தெரிந்தவை தங்கியிருக்கும். அடுத்து உண்மையாகவே நிமோனியா வரும்போது அந்த மருந்து எடுபடாமல் போகலாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார்: கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நாள் வரும், போதாத அளவில் சாப்பிட்டுக் கிருமிகளைப் பழக்கிவிடுவார்கள் என்று. மருந்து புழக்கத்துக்கு வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 2010-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கார்பபீனம் மருந்துகளையே உடைத்துப் போடும் ஒரு நொதி சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் இருப்பதை அது சொன்னது. நொதிக்கு டெல்லியின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று நாடாளுமன்றம்வரை சத்தம் எழுந்தது. பெயருக்குச் சண்டை போட்ட வேகத்தில் சொல்லவந்த செய்தி அடிபட்டுப் போனதாகவே எனக்குத் தோன்றும். நல்லவேளையாக மருத்துவர்கள் விடவில்லை. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடின. தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று ஒருங்கிணைத்தார். அதில் பிறந்ததுதான் சென்னைப் பிரகடனம். அதில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் கிடையாது என்று ஒரே நாளில் கதவை அடைத்தால், மருத்துவரே இல்லாத கிராமத்தில் நிமோனியா வந்த குழந்தை என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்தார்கள். முதலில் முக்கியமான மருந்துகளையாவது காப்போம் என்றார்கள். அதைத் தொடர்ந்து அட்டவணை எச்-1 என்ற விதி 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின், காசநோய் மருந்துகள் எல்லாம் அதில் அடக்கம். இவற்றை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும். அண்ணாச்சி சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்கிற கடைதான் நல்ல கடை.

காசநோய் என்றேன். பீடி சுற்றுகிற ஊர்களில் இதைத் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் கடைக்குப் போகாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளி கொடுங்கள். பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். ஏன் கடை வேண்டாம் என்றால், லெவோஃப்ளாக்ஸசின் மாதிரி மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடிக்கும். நாலு நாள் போட்டால் இருமல் தணியும், பசி எடுக்கும், குணமானதுபோல இருக்கும். நோய் உள்ளே இருக்கும். சளிப் பரிசோதனையில் பிடிபடாமலும் போகலாம். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரும்போது வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குத் தொற்றியிருக்கும்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுவது எப்படி என்பதை உலகத்துக்குக் காட்டியதும் நம் ஊர்தான். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்; நல்ல சாப்பாடு, ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. சென்னையின் நெருக்கமான தெருக்களில் குடியிருந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்து, மற்றவர்களைச் சானடோரியத்தில் சேர்த்து, இரு பக்கமும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உணவும் ஓய்வும் குறைவாக இருந்தும் மருந்து வேலை செய்தது. ஆனால் ஒன்று, மருந்து உள்ளே போகிறதா என்பதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து சாப்பிட்டாரா என்று பார்ப்பார்கள். அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்படியானால் எத்தனை நாள் சாப்பிடவேண்டும்? "கோர்ஸை முடிக்கணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் திருத்தி. நோய்க்கு நோய் நாள் மாறும். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பத்து நாள் சொல்வார்கள். அதைச் சரியாக முடிக்காவிட்டால் பிள்ளைக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடலாம் என்ற கவலைதான் காரணம். சிக்கல் இல்லாத சிறுநீர்த் தொற்றுக்கும் சாதாரண நிமோனியாவுக்கும் ஐந்து நாளே போதும் என்று இப்போது பல இடங்களில் கொடுக்கிறார்கள். நீண்ட நாள் போட்டால் நல்லது என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான் என்று ஆய்வுகள் காட்டிவருகின்றன. அதனால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "இது எதுக்கு டாக்டர், எத்தனை நாள்?" அவர் சொன்ன நாளுக்கு முன்னால் நீங்களாக நிறுத்தவேண்டாம், அதற்குப் பின்னால் நீங்களாக நீட்டிக்கவும் வேண்டாம். மூன்று நாளில் கொஞ்சமும் மாற்றம் இல்லை என்றால் வேறு மாத்திரை வாங்கக் கடைக்கு ஓடாமல் அதே மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

டைபாய்டுக்கு நம் ஊரில் ஒரு சடங்கு உண்டு. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் விடால் பரிசோதனை, தாளில் ஒரு எண், உடனே டைபாய்டு. அந்தப் பரிசோதனை முதல் வாரத்தில் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். பழைய தொற்றையோ தடுப்பூசியையோ வைத்து, நோய் இல்லாமலும் இருக்கிறது என்று காட்டலாம். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் நம்பகமானது. அதற்கு ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இரத்தம் எடுக்கவேண்டும். முதலில் கடை மாத்திரையைப் போட்டுவிட்டால் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரியாமல் போய்விடும்.

சாப்பிடும் முறையில் சில சில்லறை விஷயங்கள். டாக்ஸிசைக்ளினை ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள். படுக்கப்போகிற நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் இரண்டையும் பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அல்சருக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து இவற்றோடு சேர்த்துப் போடவேண்டாம். அவை மருந்தைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும், இரத்தத்தில் ஏறாது. இடையில் சில மணி நேரமாவது விடுங்கள். மெட்ரோனிடசோல் போடுகிற நாட்களில் மது கூடாது. குழந்தைகளுக்குப் பொடியாக வரும் சிரப் பாட்டிலில் ஒரு கோடு இருக்கும். காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, குலுக்கி, பொடி அமர்ந்தபின் குறைந்திருந்தால் மறுபடி கோடு வரை ஊற்றவேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் மருந்து கெடும். அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் என்றால் கலந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். ஏழு நாளுக்குமேல் மிஞ்சியதைத் தம்பிக்கு அடுத்த காய்ச்சல் வரும்போது கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். குழந்தைக்கு வெறும் வயிற்றுப்போக்கு என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம், உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் போதும். மலத்தில் இரத்தம் வந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

பாவூர்சத்திரம் என்றால் சந்தையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தக்காளி, கத்தரி, மிளகாய், முருங்கை எல்லாம் இங்கிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகின்றன. அந்தத் தக்காளிச் செடிக்கும் ஆன்டிபயாடிக் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. உரக் கடையில் சின்னப் பொட்டலத்தில் ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்று கேட்டு வாங்கித் தண்ணீரில் கரைத்து இலைக் கருகலுக்குத் தெளிப்பார்கள். அதில் இருப்பது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு முதன்முதலாகக் கிடைத்த மருந்து. டெட்ராசைக்ளின், உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளினின் உடன்பிறப்பு. வேளாண்மையில் இந்த இரண்டையும் நிறுத்துவதற்கான வரைவு அறிவிக்கையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. கோழித் தீவனத்தில் கலந்த கோலிஸ்டினுக்கு 2019-லேயே தடை வந்துவிட்டது. மருத்துவமனையில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்தைக் கோழி கொழுப்பதற்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வயலில் தெளிக்கிற அண்ணன்மார்கள் வேளாண் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்று மருந்துக்குப் போவது நல்லது. தெளிக்கும்போது முதலில் மூச்சில் ஏறுவது உங்களுக்குத்தான்.

இந்த லாரிகள் புளியரை தாண்டினால் கேரளா. அங்கே 2024 முதல் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைச் சோதனை போட்டு நடவடிக்கை எடுக்கிறார்கள். ஆன்டிபயாடிக்கை நீல நிற உறையில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், நீல உறை என்றால் மிச்சம் வைக்கக்கூடாத மருந்து என்று தெரியும். நம் பக்கமும் அதைச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதுவரை ஒன்று கேளுங்கள். மாத்திரையை வெட்டிக் கொடுத்தால், "அண்ணாச்சி, பேரு இருக்க பக்கமா வெட்டுங்க, இல்லன்னா உறைமேல பேர எழுதிருங்க" என்று சொல்லுங்கள். அவருக்கு அரை நிமிட வேலை.

அந்தப் பெயர் எதற்குப் பயன்படும் என்றால், பெனிசிலின் வகை மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே கேட்கிற முதல் கேள்வி, என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதுதான். "வெள்ளையா, நீளமா ஒண்ணு" என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ அதன் பெயரை ஒரு தாளில் எழுதி, ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும், ஊசி போடும் முன்னால் அந்தத் தாளைக் காட்டுங்கள்.